எண் அழிந்த ஸ்பிரிங்

ஸ்பிரிங்கைத் திருப்பிப் பார்த்தாள். எண் இல்லை.

இன்னொரு முறை திருப்பினாள். சுருள் சுருளாக விரலை ஓட்டினாள். எங்கும் கறுப்புப் பெயின்ட்தான். எண் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் மங்கலாக, யாரோ துணி வைத்துத் தேய்த்த மாதிரி இருந்தது.

முந்நூற்றைம்பது என்று வெள்ளையில் அச்சடித்திருக்கும். ஓர் அங்குலம் அமுங்க அத்தனை பவுண்டு எடை வேண்டும் என்று அர்த்தம். மலைச் சைக்கிளின் பின்பக்க ஷாக் அப்சார்பரில் ஆளுக்குத் தகுந்த ஸ்பிரிங்தான் போட வேண்டும். இளக்கமாக இருந்தால் பாறையில் இறங்கும்போது அடிவரை போய் இடிக்கும். விறைப்பாக இருந்தால் ஆளைத் தூக்கி எறியும். அவள் உடம்புக்கு முந்நூற்றைம்பது.

ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரிச் சரிவில் போட்டி. பிள்ளை பெற்ற பிறகு அவளுக்கு முதல் போட்டி.

லேசாகச் சத்தம் வருகிறதே, கிரீஸ் வைப்போம் என்று கழற்றப்போய் இப்படி ஆனது.

இது அவளுடையதுதானா?

வீட்டுக்குப் பின்னால் ஜீப் நிறுத்தும் கொட்டகையில் உட்கார்ந்து மண்டையைப் பிய்த்துக்கொண்டாள். கணவன் ஞானவேல்தான் சைக்கிள் கிளப்பில் பாதிப் பேருக்கு ஷாக் கழற்றி மாட்டித் தருகிறவன். எவனுடையதாவது மாறி வந்திருக்கலாம். ஆனால் போன மாதம் முழுக்க இதில்தான் ஓட்டினாள். சைக்கிள் அசங்காமல் இறங்கியது.

“உடம்பு எதையும் மறக்கல. அப்படியே பழைய ஆளா வந்துட்டேன்” என்று பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டாள்.

யாரும் மறுத்துப் பேசவில்லை. பிள்ளை பெற்றவளின் உடம்பைப் பற்றி ஏதாவது சொன்னால் கண் பட்டுவிடும் என்று ஊரே வாயைப் பொத்திக்கொண்டிருந்தது. அதை அவள் பாராட்டு என்று எடுத்துக்கொண்டாள்.

சரி, அளந்தே பார்த்துவிடலாம்.

எடை பார்க்கும் மெஷின் பரணில் கிடந்தது. ரிப்பேர் என்று ஞானவேல் தூக்கிப் போட்டுப் பல மாதம் ஆகிறது. திருப்பினாள். பேட்டரி இருக்க வேண்டிய குழி காலியாக இருந்தது. புதிதாக ஒன்று போட்டதும் பளிச்சென்று சைபர் காட்டியது.

அப்புறம் என்ன ரிப்பேர்?

ஜீப்புக்கு அடியில் மெஷினை வைத்தாள். அதன் மேல் ஒரு பலகை, பலகை மேல் ஸ்பிரிங், இன்னொரு பலகை, எல்லாவற்றுக்கும் மேல் ஜீப்பின் அடியை முட்டும்படி ஜாக்கி. ஸ்பிரிங் அரை அங்குலம் அமுங்கும்வரை ஜாக்கியைச் சுற்றினாள்.

முந்நூற்றைம்பது என்றால் எண்பது கிலோ காட்ட வேண்டும்.

நூற்றிரண்டு காட்டியது.

மெஷின் பொய் சொல்கிறது. ரிப்பேர் என்று அவன் சொன்னது சரிதான். சமையலறையிலிருந்து பிரிக்காத அரிசிப் பையைத் தூக்கி வந்து மெஷினில் வைத்தாள். பத்துக் கிலோ பை. பத்து என்றது.

மறுபடியும் ஜாக்கி. மறுபடியும் நூற்றிரண்டு.

உள்ளங்கையில் பேனாவால் கணக்குப் போட்டாள். நானூற்றைம்பது வந்தது. அது எழுபது கிலோ ஆள் ஓட்டுகிற ஸ்பிரிங். அவள் ஐம்பத்து நாலு. அப்படியானால் ஒவ்வொரு கல்லும் அவளைத் தூக்கிப் போட்டிருக்க வேண்டுமே. ஒரு மாதமாக ஏன் போடவில்லை?

ஒன்றும் பிடிபடவில்லை.

மெஷினை வெளியே இழுத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள்.

இறங்கினாள். பேன்ட் பையிலிருந்த ஸ்பேனரை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு மறுபடியும் ஏறினாள்.

ஸ்பேனர் அப்படி ஒன்றும் கனமில்லை.

ஜெர்சி இறுக்கிப் பிடித்தபோது துவைத்துச் சுருங்கிவிட்டது என்றுதான் நினைத்தாள். மூன்று மாதம் அம்மா வீட்டில் பூண்டும் நல்லெண்ணெயுமாக உள்ளே போனதெல்லாம் எங்கே போகும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது. ஒருத்தன் வேலை மெனக்கெட்டு உட்கார்ந்து, பெயின்ட் தின்னரில் துணியை நனைத்து, மூன்று எண்களைத் துடைத்திருக்கிறான்.

ஞானவேல் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே வந்தான். ஜாக்கியைப் பார்த்தான். மெஷினைப் பார்த்தான். வந்த வழியே திரும்பிவிடலாமா என்று நின்றான்.

“என் வெயிட்டு உனக்கு யாரு சொன்னா?”

“ஸ்கூட்டர்ல பின்னாடி ஏறி உக்காருவல்ல.”

அவனும் பயந்துபோய்த்தான் இருந்தான். ஆனாலும் அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டாள்.

“என்னோட பழசு எங்க?”

“வித்துட்டேன், வசு.”

பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன் என்று சொல்லியிருந்தால் அங்கேயே சண்டை பிடித்திருப்பாள். விற்றுவிட்டேன் என்கிறான். அவள் பழைய ஆளாகத் திரும்பி வருவாள் என்று இவன் ஒரு நாளும் காத்திருக்கவில்லை. அதற்குக் கோபப்படுவதா, வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஸ்பிரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழந்தை தூங்கிவிட்டது. அவன் நகரவில்லை.

கருவிப் பெட்டியில் வெள்ளை பெயின்ட் பேனா ஒன்று கிடந்தது. எடுத்து உதறினாள். ஸ்பிரிங்கைத் தொடைமேல் வைத்து, போட்டியில் வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் இருப்பவர்கள் கண்ணில் படுகிற பக்கமாகத் திருப்பிக்கொண்டாள்.

நாலு போட்டாள். ஐந்து போட்டாள்.

அதற்குள் கம்பி மறுபக்கம் வளைந்து போய்விட்டது. சைபரை அடுத்த சுற்றில் போட்டாள்.