ஒரு மிடறு

ஏரி வற்றிய கோடையில், காலொடிந்த ஆமை ஒன்று தரை வெடிப்பில் மாட்டிக்கொண்டது. அதன் தோழி நாரை தினமும் மலையடிச் சுனைக்குப் பறந்துபோய், தொண்டையில் தண்ணீரை அடக்கிக்கொண்டு வந்து அதற்குப் புகட்டியது.

"மிடறு என்றால் கழுத்துதானே? பிறகு ஏன் ஒரு மிடறு தண்ணீர் என்கிறோம்?" என்று ஆமை ஒருநாள் கேட்டது.

நாரை யோசித்தது. "கழுத்துக்குள் ஒரு தடவையில் இறங்குகிற அளவு. அதனால் அந்தப் பெயர் வந்திருக்கும்."

"எனக்கென்னவோ, உன்னைப் போல ஒருத்தி கழுத்தில் சுமந்து வந்ததால்தான் என்று தோன்றுகிறது. வழியில் உனக்குத் தாகம் எடுக்காதா?"

"எடுக்கும். விழுங்காமல் வந்துவிடுவேன்."

மறுநாள் சுனையும் வறண்டு கிடந்தது. நாரை வெகுநேரம் காத்திருந்து, கசிந்ததையெல்லாம் தொண்டையில் சேர்த்துக்கொண்டு திரும்பியது.

ஆமை தலையை வெளியே நீட்டவில்லை. நாரை அதன் ஓட்டின்மேல் அலகால் தட்டிப் பார்த்தது. அசைவில்லை. கூப்பிடலாம் என்றால் தொண்டை நிறையத் தண்ணீர். வாயைத் திறந்தால் அவ்வளவும் கொட்டிப்போகும். சுனையில் இனி ஒரு சொட்டும் இல்லை.

வெயில் சாயும்வரை நாரை வாயை மூடிக்கொண்டே நின்றது. பிறகு தண்ணீரை ஓட்டின்மேல் ஊற்றிவிட்டு, ஏரி முழுக்கக் கேட்கும்படி தோழியைக் கூப்பிட்டது.