இடது தண்டவாளம்

கற்பூரத்தை அணைத்துச் சத்தியம், இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. மெட்ரோவும் ரயில்வேயும் ஒரே பாதையைப் பங்கு பிரித்தபோது, வண்டியின் இடது சக்கரங்கள் ஓடும் இடது தண்டவாளம் ரயில்வேக்கு, வலது சக்கரங்கள் ஓடும் வலது மெட்ரோவுக்கு என்றாயிற்று. மெட்ரோவின் வலதைப் பார்த்துக்கொள்ளும் மாசிலாமணி, ஒருநாள் காலையில் இடதில் விரிசலைக் கண்டு தன் அதிகாரிக்குப் போன் போட்டார்.

“சார், வண்டிய நிறுத்துங்க! எம்பொண்ணு அதுலதான் வர்றா!”

“நம்ம வலது எப்படியிருக்கு?”

“அது கல்லாட்டம் இருக்கு சார்.”

“அப்புறம் என்னய்யா? பக்கத்து வீட்டு வம்பு நமக்கெதுக்கு?”

மாசிலாமணிக்கு ரத்தம் கொதித்தது. “இரு, நம்ம வீட்டு வம்பாவே ஆக்குறேன்!” என்று வலது தண்டவாளத்தின் ஆணிகளைப் பிடுங்கி வீசினார். “வலதும் போச்சு சார்!” என்றதும் வண்டி நின்றது. மகள் பிழைத்தாள். நல்ல தண்டவாளத்தைக் கெடுத்ததற்காக அப்பனுக்கு வேலை போயிற்று.

அந்தப் பாதைக்கு இன்னும் நிலமே அளக்கவில்லை.