தினமும் ரெண்டு ஊசி

"அப்பாவுக்கு தினமும் ஒரு ஊசிதானே அண்ணி?"

"ஆமா. ஏன் கேக்குற?"

"கழட்டின ஊசியைப் போடுற குப்பை டப்பாவுல தினமும் ரெண்டு விழுதே?"

அண்ணி தடுமாறினாள். "அது... ஒண்ணு வளைஞ்சிருச்சு" என்று சொல்லிவிட்டு அடுப்பைத் துடைக்கப் போனாள். அடுப்பு ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

அப்பாவைப் பார்த்துக்கொள்ள லீவு போட்டுவிட்டு வந்திருந்த மகளுக்குச் சுருக்கென்றது.

அப்பா ரிட்டயரான டிரில் மாஸ்டர். குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியிருந்தார்.

"கம்பி வெச்சாச்சு. ஆனா எலும்பு உள்ளுக்குள்ள சல்லடையா இருக்கு. அது தேறணும், இன்னொரு எலும்பு உடையாம இருக்கணும்னா தினமும் வீட்டுலயே இந்த ஊசி போடணும்" என்று, பல நாளைக்கான மருந்தை அடைத்து, தினமும் நுனியில் புது ஊசி மாட்டிப் போடுகிற பேனா மாதிரி ஒன்றை டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார்.

"போற கட்டைக்கு எதுக்கு உரம்? இனிமே நான் யாரோட ஓடப்போறேன்?" என்று அப்பா ஒரேயடியாக மறுத்துவிட்டார். மகன் கெஞ்சினான். மகள் போனிலேயே அழுதாள். மனுஷன் மசியவில்லை.

அப்படிப்பட்டவர் திடீரென்று எப்படிச் சம்மதித்தார்? அதுவும் காலையில் அண்ணி அப்பாவின் அறைக்குள் போனதும் கதவு எதற்குச் சாத்திக்கொள்கிறது?

"அப்பா, ஊசி உங்களுக்குத்தானே போடுறாங்க?"

"பின்னே, சுவத்துக்கா?"

"எப்படி ஒத்துக்கிட்டீங்க? அண்ணி மிரட்டினாங்களா?"

"அதெல்லாம் உனக்கெதுக்கு?" அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் அலமாரியின் மேல்தட்டில் எதையோ எட்டி எடுத்தபோது அண்ணியின் புடவை விலகியது. வயிற்றோரம் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். அப்பாவின் வயிற்றில் இருக்கிற மாதிரியே.

"உங்களுக்கும் டாக்டர் ஊசி ஏதாவது எழுதியிருக்காரா அண்ணி?"

"எனக்கா? நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், எனக்கெதுக்கு?"

மகள் மொட்டைமாடிக்கு ஓடி, வேலையில் இருந்த அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அப்பா மருந்துல உன் பொண்டாட்டி பங்கு போடுறா!"

"உளறாதே. அவளுக்கு ஊசியைப் பாத்தாலே மயக்கம் வரும்."

"வரும், வரும். விலை உசந்த மருந்துன்னா எல்லாம் தெளிஞ்சிடும்!"

அடுத்த நாள் காலை கதவு சாத்தியதும் மகள் அதில் காதை வைத்தாள்.

"மாமா, வெளியில யார்கிட்டயும் சொல்லிடாதீங்க." அண்ணியின் குரல்.

"மூச்சு விட மாட்டேன், போதுமா?" இது அப்பா.

அதற்குமேல் பொறுக்கவில்லை. மகள் கதவைத் தள்ளினாள்.

கட்டிலில் அப்பா உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் அண்ணி, கண்களை இறுக மூடிக்கொண்டு, தன் வயிற்றில் தானே ஊசியை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"கையும் களவுமா பிடிச்சேன்! என்ன அண்ணி இது? படுத்துக் கிடக்கிறவர் மருந்தைத் திருடிப் போட்டுக்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது?"

"நிறுத்து!" மைதானத்தை அதிரவைத்த குரல் அப்பாவை விட்டு இன்னும் போகவில்லை. "யாரைப் பாத்து என்ன பேசுற? இவளுக்கும் எலும்பு சல்லடையாம். டாக்டர் இவளுக்கும் இதே ஊசியை எழுதியிருக்காரு. தெரிஞ்சா நீங்க எல்லாம் கலங்கிடுவீங்கன்னு என்கிட்ட மட்டும் சொன்னா."

அப்பா மருமகளின் தலையைத் தட்டிக்கொடுத்தார்.

"சரியான பயந்தாங்கொள்ளி. தினமும் நான் முதல்ல போட்டுக்கிட்டு, 'பாரும்மா, எறும்புக்கடிதான்'னு தைரியம் சொன்னாத்தான் இவ போட்டுக்குவா. நான் நிறுத்தினா இவளும் நிறுத்திடுவா. அதுக்காகத்தான் குத்திக்கிறேன். இல்லேன்னா இந்த வயசுல எனக்கு எதுக்கு இந்த இழவெல்லாம்?"

மகள் அண்ணியைப் பார்த்தாள். நெற்றியெல்லாம் வியர்த்திருந்த அண்ணி, அப்பாவுக்குத் தெரியாமல் உதட்டில் விரலை வைத்தாள்.

கட்டிலில் கிடந்த அப்பாவின் பேனாவில் இன்னும் பாதி மருந்து இருந்தது. அண்ணியின் கையில் இருந்த பேனாவின் கண்ணாடிக் குழாயில் ஒரு சொட்டு மருந்துகூட இல்லை. நுனியில் மட்டும் புது ஊசி.