பௌல் ஆட்டம் பார்க்க வந்தவர்

"ஜூலியஸ், உம்மட ரீவியில அமெரிக்கன் புட்போல் வருமோ?"

கதவைத் திறந்த ஜூலியஸுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. வாசலில் நின்றவர் வீட்டுக்காரர் அமிர்தநாதர். மோர்னிங்சைட்டில் அவருடைய வீட்டு பேஸ்மென்ற்றுக்கு ஜூலியஸ் வாடகைக்கு வந்து இரண்டு வருடம். மனைவி அவனை விட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எட்மன்ரனுக்குப் போய்விட்ட பிறகு எடுத்த இடம் அது. மேலே அமிர்தநாதரும் தனி ஆள்தான். மனைவி அருள்நாயகி இறந்து ஒன்பது வருடம். இந்த இரண்டு வருடத்தில் அவர் கீழே இறங்கி வந்தது ஒரே ஒரு தடவை, ஹீற்றர் பழுதானபோது.

"வரும் அங்கிள். நீங்கள் புட்போல் பாப்பீங்களோ?"

"சும்மாதான். இண்டைக்கு ஏதோ பௌல் ஆட்டமாம். மேல தமிழ்ச் சனல் மட்டும்தானே வருது."

ஆங்கில வருடப்பிறப்பு மத்தியானம். காலைப் பூசைக்குப் போட்ட கோட்டைக்கூட அவர் இன்னும் கழற்றவில்லை. பையிலிருந்து மடித்த கடதாசித் துண்டொன்றை எடுத்து நீட்டினார். அதில் ஒரு அமெரிக்கக் கல்லூரியின் பெயர் பேனையால் எழுதியிருந்தது. கோயிலில் யாரோ ஒரு பிள்ளை எழுதித் தந்ததாம்.

ஜூலியஸ் ட்ரக் ஓட்டுபவன். அமெரிக்க நெடுஞ்சாலைகளில் றேடியோவில் கேட்டுக் கேட்டே அந்த விளையாட்டைப் பழகியவன். பெருநாளும் அதுவுமாகப் பக்கத்தில் இருந்து பார்க்க ஒரு ஆள் கிடைத்ததில் அவனுக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோசம். அவசரமாகச் சோபாவில் கிடந்த உடுப்புகளை அள்ளினான். ரோல்ஸ் சூடாக்கினான், தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தான்.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ரீவியில் ரெக்சாஸ் வெயில். கடதாசியில் இருந்த கல்லூரிக்குச் சிவப்புச் சட்டை. பருவம் முடிந்த பிறகு, நன்றாக விளையாடிய கல்லூரிகளைக் கூப்பிட்டு வைக்கிற ஆட்டம்தான் பௌல் என்று ஜூலியஸ் விளங்கப்படுத்தினான். இதோடு சிவப்புச் சட்டைக்காரருக்கு இந்த வருடத்து ஆட்டம் முடிந்தது என்றும் சொன்னான்.

"அப்ப அடுத்த கிழமை இல்லையோ?"

"இல்லை அங்கிள். இனிச் செப்டெம்பர்தான்."

அமிர்தநாதர் தேத்தண்ணிக் கோப்பையை வாய் வைக்காமலே மேசையில் வைத்துவிட்டார்.

கொஞ்ச நேரத்திலேயே ஜூலியஸுக்கு ஒன்று விளங்கியது. மனுசன் ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை. எத்தனைக்கு எத்தனை என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. சிவப்புச் சட்டைக்காரன் பந்தோடு ஓடி எல்லையைத் தாண்டி, அரங்கமே எழும்பி நின்று கத்தியபோதும் அவர் கண் திரையின் ஓரத்திலேயே நின்றது. ஜூலியஸ் சொல்வதற்கெல்லாம் "ஓம், ஓம்" என்றார், அவ்வளவுதான். கதைக்க ஒரு துணை கிடைத்தது என்று நினைத்தவனுக்கு, தனியாக இருந்து பார்ப்பதைவிட இது வெறுமையாக இருந்தது.

மூன்றாவது பகுதியில் அவராகவே வாய் திறந்தார்.

"தம்பி, உதில கனபேருக்கு அடிபடுமோ?"

"சிலநேரம் படும்."

"பட்டால் கிட்டக் காட்டுவினமோ?"

ஜூலியஸ் அவரைத் திரும்பிப் பார்த்தான். எட்மன்ரனில் அவனுடைய மகனும் பள்ளிக்கூட அணியில் விளையாடுகிறான். அவனுக்கு எங்கே எப்போது அடிபட்டாலும் தனக்குச் சொல்ல ஒருவரும் இல்லை என்ற நினைப்பு அடிக்கடி வரும். பக்கத்தில் இருந்தவரோ, ஆட்டக்காரர் ஒருவர் மேல் ஒருவர் குவிந்து விழும்போதெல்லாம் கழுத்தை நீட்டிப் பார்த்தார். விழுந்தவர்கள் எல்லாரும் எழும்பிவிட்டால் தோள் தொய்ந்து சோபாவில் சாய்ந்தார். ஜூலியஸ் மெல்லத் தள்ளி உட்கார்ந்தான்.

ஆட்டம் முடிய நாலு நிமிடம் இருந்தது. பந்தோடு ஓடிய சிவப்புச் சட்டைக்காரன் ஒருவனை இரண்டு பேர் இரண்டு பக்கமும் இருந்து மோதினார்கள். அவன் விழுந்தான். மற்ற இருவரும் எழும்பிப் போனார்கள், அவன் அசையவில்லை. அரங்கம் அடங்கிப் போனது.

ஜூலியஸால் பார்க்க முடியவில்லை. முகத்தைத் திருப்பினான். அமிர்தநாதர் எழுந்து போய் ரீவிக்கு முன்னால் முழந்தாளிட்டிருந்தார். அவர் முகத்தில் சிரிப்பு.

"அங்கிள், ஒரு பெடியன் மூச்சுப்பேச்சில்லாமல் கிடக்கிறான். உங்களுக்குச் சிரிப்பு வருதோ?" ஜூலியஸ் சத்தம் போட்டான்.

அவர் திரும்பவில்லை. திரையில், கறுப்புப் பையோடு ஓடி வந்த ஒரு பெண் விழுந்தவனின் தலைமாட்டில் குந்தியிருந்து, அவன் தலை அசையாமல் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். குனிந்து அவனோடு ஏதோ கதைத்தாள். அவன் கை விரல்கள் மெல்ல அசைந்தன. அவள் நிமிர்ந்து பார்த்தபோது கமரா அவள் முகத்திலேயே நின்றது.

அமிர்தநாதர் ஒரு விரலால் அந்தக் கன்னத்தைத் தொட்டார்.

"இது மெலனி. என்ர மகள். இந்த அணியில அடிபடுற ஆக்களைப் பாக்கிற வேலை எண்டு அந்தக் கோயில் பிள்ளைதான் சொன்னது. ஏழு வருசத்துக்கு முன்னம் வீட்டை விட்டுப் போ எண்டு சொன்னது நான்தான். அதுக்குப் பிறகு இண்டைக்குத்தான் முகத்தைக் காணுறன். அந்தப் பெடியனுக்கு ஒண்டும் ஆகக்கூடாது எண்டுதான் நானும் மன்றாடுறன், ஆனா ஆராவது விழுந்தால்தானே தம்பி, அவளைக் காட்டுவினம்."