ஈ கூட வெளியே போகாது

“பேர் போடுற இடத்தை மட்டும் காலியா விடுங்க” என்றார் மேலாளர். தட்டச்சு அக்கா அப்படியே அடித்தார்: ‘அலுவலக விதியை மீறி விபிஎன் பயன்படுத்திய ________ இன்று முதல் பணியிலிருந்து நீக்கப்படுகிறார்.’

மூன்று மாதத்துக்கு முன்பு கிளையின் இணையத்தைப் பூட்டச் சொன்னவர் மேலாளர்தான். சினிமா, விளையாட்டு, ஊர்வம்பு எல்லாம் ஒரே நாளில் போயிற்று. ஒன்றிரண்டு தளங்களையாவது விட்டுவைக்கலாமே என்று கணினிக்காரர் தலையைச் சொறிந்தார். ஒரு ஈ கூட வெளியே போகக் கூடாது என்று மேலாளர் சொல்லிவிட, ஈயும் போகவில்லை.

ஆனால் யாரோ விபிஎன் வைத்திருப்பது நேற்றுத்தான் தெரிந்தது. முன்கதவைப் பூட்டினால் கொல்லைப்புறமாக ஏறிக் குதிக்கிற வித்தை அது. மேலாளருக்கு ரத்தம் கொதித்தது. பின்னே, அவர் போட்ட பூட்டு அல்லவா?

எல்லோருடைய கண்ணும் கிடங்குக்காரர் மேல்தான். மேட்ச் நடக்கும் நாளில் அவர் முகத்தைப் பார்த்தே ஸ்கோர் சொல்லிவிடலாம். காலையிலிருந்து அவரும் மேலாளர் கண்ணில் படாமல் ஒதுங்கி ஒதுங்கி நின்றார்.

மேலாளரின் நாற்காலிக்குப் பின்னால் சட்டம் போட்ட பத்திரம் ஒன்று புதிதாக மாட்டியிருந்தது. தினசரி அறிக்கையை ஒரு நாள் தவறாமல் அனுப்பும் கிளை என்று தலைமையகம் தந்த பாராட்டு. கட்டுப்பாடு இருந்தால் எல்லாம் தானாக நடக்கும் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைக் காட்டுவார். வேலை முடிந்ததா என்பதுதான் அவர் கேட்கும் ஒரே கேள்வி.

கணினிக்காரர் ஒரு தாளோடு வந்தார். ஒரே ஒரு கணினிதான் மாட்டியிருந்தது. தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு, பத்தே நிமிஷம். யாருடையது என்று சொல்ல வாய் வராமல் அவர் தட்டச்சு அக்காவைப் பார்த்தார்.

அக்காவின் விரல்கள் அப்படியே நின்றன. வீட்டுக்காரர் படுத்த படுக்கை, குடும்பத்தில் சம்பாதிக்கிறவர் அவர் ஒருவர்தான். தப்பித்தோம் என்று நிம்மதியாக மூச்சு விடக் கிடங்குக்காரருக்கே மனம் வரவில்லை.

“நீங்களா?” என்றார் மேலாளர்.

“ஆமா சார். அது வந்து...”

மேலாளர் கையை உயர்த்தினார். இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று நினைத்திருந்தேன், எனக்கே பாடம் சொல்லிவிட்டீர்கள் என்றார். இருபது வருஷ சர்வீஸ் எல்லாம் அவர் காதில் ஏறவில்லை. காலி இடத்தில் அக்காவின் பெயரை அக்காவையே அடிக்க வைத்தார். அச்செடுத்த தாளில் நீளமாக ஒரு கையெழுத்தைப் போட்டார்.

“அஞ்சு மணிக்குள்ள இது தலைமையகத்துத் தளத்துல ஏறியாகணும். உங்க கையாலேயே ஏத்திட்டுக் கிளம்புங்க.”

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினார். கதவு வரை போனவர் திரும்பிப் பார்த்தார்.

“அந்தத் தளமும் சேர்ந்துதான் சார் பூட்டிக் கிடக்கு. உங்க அறிக்கையெல்லாம் போற விபிஎன்லயே இதையும் அனுப்பிடட்டுமா?”