டர்பன் கிழங்கு

காலைப் பூசைக்குத் தெருவே காலியானதும் ராஜநாயகம் பூவாளியோடு கிளம்பினார். பக்கத்து வீட்டு நோரா டீச்சரின் தொட்டிக்கு, பச்சைப்பிள்ளைக்குப் பால் புகட்டுகிற பக்குவத்தில் தண்ணீர் ஊற்றினார். சாந்தோமில் இப்படி ஒரு பக்கத்து வீட்டுக்காரர் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்!

தொட்டிக்குள் கிடந்தது ஒரு கிழங்கு. டர்பனிலிருந்து டீச்சரின் தம்பி கப்பலில் அனுப்பியது.

"வறண்ட காட்டுச் செடி சார். மாசக்கணக்கா மண்ணுக்குள்ள தூங்குமாம். ஒரு மழை அடிச்சா இலைகூட இல்லாம பூ மட்டும் கிளம்பி வருமாம். மெட்ராஸ்ல யாருமே பார்த்திராத பூ!" என்று போன மாதம் வேலிக்கு மேலாக அவள் பீற்றிக்கொண்டாள்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் ராஜநாயகத்தின் தூக்கத்தைக் கெடுத்தது. யுத்தம் முடிந்து, வெள்ளைக்காரனே மூட்டை கட்டத் தொடங்கிவிட்டான். பங்குக் கோயில் மலர்க் கண்காட்சியின் வெள்ளிக் கோப்பை மட்டும் மூன்று வருஷமாக அவருடைய டேலியாக்களை விட்டு நகரவில்லை.

இந்த நேரம் பார்த்து டீச்சர் தங்கையின் பிரசவத்துக்குப் பெங்களூர் புறப்பட்டாள். கேட்டுச் சாவியை அவரிடமே கொடுத்தாள்.

"உங்களை நம்பித்தான் போறேன் சார். மத்த செடிங்களை வேலைக்காரி பார்த்துப்பா. அந்தத் தொட்டிக்கு மட்டும் யாரும் ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தாம பார்த்துக்குங்க. அழுகிப்போயிடும்."

அழுகிப்போயிடும்! அவர் காதில் தேன் பாய்ந்தது. காலையில் ஒரு பூவாளி, சாயங்காலம் ஒரு பூவாளி. ஏழாம் நாள், 'இந்நேரம் கூழாகியிருக்கும்' என்று திருப்தியாக நிறுத்திக்கொண்டார்.

கண்காட்சிக்கு முந்தின நாள், ஊரிலிருந்து திரும்பிய டீச்சரின் குரல் வேலிக்கு அப்பாலிருந்து வந்தது. "சார்! சீக்கிரம் வாங்க!"

சாவு வீட்டுக்குப் போகிற முகத்தை மாட்டிக்கொண்டு போனார். 'சீமைச் சரக்கு நம்ம மண்ணுக்கு ஒத்துக்காது டீச்சர்' என்று ஆறுதல்கூடத் தயாராக இருந்தது.

தொட்டியை எட்டிப் பார்த்தார். அதில் ஓர் இலைகூட இல்லை. மொட்டைத் தண்டின் உச்சியில் தேங்காய்ப் பருமனுக்கு ரத்தச் சிவப்பாய் ஒரு பூங்கொத்து நின்றது.

"தண்ணி ஊத்தினதுக்கு ரொம்ப நன்றி சார்," என்றாள் டீச்சர். "வேலைக்காரின்னா ரெண்டு நாள் ஊத்திட்டு மறந்திருப்பா."

ராஜநாயகத்துக்கு வியர்த்துக் கொட்டியது. "நா... நானா? ஊத்தக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க!"

டீச்சர் புன்னகைத்தாள்.

"ஊத்துங்கன்னு சொல்லியிருந்தா ஊத்தியிருப்பீங்களா சார்?"