புளியறை ஏத்தத்தில் ஒரு பரீட்சை

பண்பொழி மலைக் குமரன் மேல் ஆணை! இதில் ஒரு சொல் பொய்யென்றால் குற்றாலத்து அருவி நாளை முதல் மேல்நோக்கிப் பாயட்டும்.

எழுபத்தெட்டாம் வருசம். செங்கோட்டை அரிசி மில் நம்பிராஜன் அண்ணாச்சிக்கு ஒரு பழைய இழுவை வண்டி வேண்டியிருந்தது. கேரளாவுக்குப் போகிற அவர் லாரிகள் அடிக்கடி மலைப்பாதையில் படுத்துவிடும்.

விலைக்கு வந்தவை இரண்டு. ஒன்று, திருநெல்வேலியில் புதுப் பெயிண்டோடு பளபளவென்று நின்றது. இன்னொன்று, தென்காசி ராபியாவிடம் இருந்த பட்டாளத்து ஏல வண்டி. பட்டறை நடத்திய புருசன் போய்ச் சேர்ந்து நாலு மாதம். வண்டி விற்றால் காற்றடிக்கிற மிஷின் வாங்கி அவளே பட்டறையை நடத்துவாள். இல்லாவிட்டால் தம்பி வீட்டு அடுப்படிதான்.

அண்ணாச்சி ராபியா வண்டியின் டயரை ஓர் உதை உதைத்தார்.

"ஏம்மா, இது வண்டியா, கோழிக்கூடா?"

"கோழியும் அடையும் அண்ணாச்சி, லாரியும் இழுக்கும்."

"பாதி வெல தாரேன்."

"எரக்கப்பட்டும் தர வேண்டாம், எளக்காரமாவும் கேக்க வேண்டாம். இழுத்தா முழு வெல. இழுக்கலன்னா இரும்புக் கடைக்குப் போட்டுட்டுப் போறேன்."

"அப்படியா? நாளைக்குப் புளியறை ஏத்தத்துக்கு வா. நூறு மூட்ட நெல்லோட என் லாரிய இழுத்துக் காட்டு!"

டீக்கடை இசக்கி பல்லைக் கடித்தான். "படுபாவி! யானைக்கே மூச்சு முட்டும்லே அங்கன!"

மறுநாள் சாரலில் ஊரே கூடி நின்றது. ராபியாவே ஸ்டியரிங்கைப் பிடித்தாள். சங்கிலி விறைத்தது. வண்டி இருமியது, தும்மியது, மேகத்துக்கே கறுப்படிக்கிற மாதிரி புகை கக்கியது. பிறகு மறுவீட்டுக்குப் போகிற மாப்பிள்ளை மாதிரி லாரியை இழுத்துக்கொண்டு ஜம்மென்று மேலே ஏறிவிட்டது!

"இப்ப என்ன சொல்லுதீய அண்ணாச்சி?"

"தோத்துட்டேம்மா." முகத்தைச் சுளித்துக்கொண்டே முழு விலையையும் கொடுத்தார்.

அடுத்த வாரம் ஆரியங்காவில் நின்றுபோன லாரியை இழுக்க அந்த வண்டியை அனுப்பினார்கள். கடைசியில் லாரியை ரிப்பேர் பார்த்து, லாரிதான் இதைக் கட்டி இழுத்து வந்தது.

"கஞ்சனுக்கு நல்லா வேணும்லே!" என்று இசக்கி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன். என்ன செய்ய? புளியறையில் அன்றைக்கு அந்த லாரியில் உட்கார்ந்திருந்த டிரைவர் நான்தானே. நூறு மூட்டையிலும் இருந்தது நெல் இல்லை, வெறும் உமி. மில் கதவைச் சாத்திக்கொண்டு, தன் கையாலேயே சாக்குப் பிடித்து அதை அள்ளிப் போட வைத்தவர் அண்ணாச்சி!

ராபியாவுக்குத் தெரிந்தால் அந்தக் காசில் வாங்கிய காற்றடிக்கிற மிஷினைத் தூக்கிவந்து மில் வாசலில் போட்டுவிடுவாள். நான் சொன்னேன்னு யார்ட்டயும் மூச்சு விட்றாதீய, என்ன?